மணியோசை எட்டாத வீடு

எந்த வரைபடத்திலும் வல்மரீன் மாகாணத்தைத் தேட வேண்டாம். ஒரு தேர்தல் வருடத்தில் அதன் சொந்த வரைபடமே இரண்டு வாரம் ஒரே மாதிரி இருக்கவில்லை. கடலை ஒட்டிய அந்தச் சிறு மாகாணத்தில் பிரெஞ்சு பேசினார்கள். அதாவது, அலுவலகத்தில் பிரெஞ்சு, அடுப்படியில் தமிழ். காதல் கடிதத்தைப் பிரெஞ்சில் எழுதிவிட்டு, அது தாமதமாக வந்ததற்கான சண்டையைத் தமிழில் போட்டார்கள்.

மாகாணத்தை நிறுவிய கப்பல் தளபதியிடம் நிலம் அளக்கும் சங்கிலி இல்லை. வேறெங்கோ கொண்டுபோக வேண்டிய பன்னிரண்டு வெண்கல மணிகள்தான் அவர் கப்பலில் இருந்தன. அவர் பன்னிரண்டு நகரமன்றங்களைக் கட்டினார். மக்கள் அவற்றை மேரி என்றார்கள். ஒவ்வொரு மேரியின் உச்சியிலும் ஒரு மணியைத் தொங்கவிட்டு, ஒரே வரியில் சட்டம் எழுதினார்: காலை பதினோரு மணிக்கு எந்த மேரியின் மணி ஒரு வீட்டில் உரக்கக் கேட்கிறதோ, அந்த வீடு அந்த மேரியின் தொகுதி. வாக்கு, பள்ளிக்கூடம், மருந்தகம், மருத்துவச்சி, பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அந்தத் தொகுதியைப் பொறுத்தவை. சட்டத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் சில குறிப்புகளும் இருந்தன. அவற்றை யாரும் படித்ததில்லை.

நூற்றைம்பது வருடங்களாக அந்த மணி உலை வைக்கும் நேரத்தைச் சொன்னதே தவிர, வேறு எதையும் சொன்னதாக யாரும் நினைக்கவில்லை.

மீன்துறைத் தொகுதியில், படகுகளுக்குப் பாய் தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவள் மர்சேலின். அவளும் விசைப்படகு மெக்கானிக்கான தனிஸ்லாஸும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். தனிஸ்லாஸின் அண்ணன் கப்பலில் வந்து சேரட்டும் என்று இரண்டு வருடம் தள்ளிப் போட்டதில், அண்ணனுக்கு முன்னால் குழந்தை வந்துவிடும் போலிருந்தது. மர்சேலினின் தாய் செலஸ்தீன் ஒரு வாரம் அழுதாள். பிறகு தனிஸ்லாஸின் பெட்டியைத் தன் வீட்டுக்கே கொண்டுவரச் சொன்னாள். ஆனால் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்வரை அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட மறுத்துவிட்டாள். "தம்பி, சாப்பிட வாங்க" என்று விருந்தாளியைப் போலவே கூப்பிட்டாள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு வல்மரீனில் தகப்பன் பெயர் எழுத மாட்டார்கள். தகப்பன் பெயர் இல்லாத குழந்தைக்குத் தொகுதி கிடையாது. மீன் ஏலக்கூடத்தில் கூடை தூக்கும் மத்தியாஸ் அப்படிப்பட்டவர். அறுபது வயதிலும் அவர் மருந்தகத்தின் படிக்குக் கீழே நின்றுதான் மருந்து வாங்குவார். படி, தொகுதிக்காரர்களுக்கு உரியது. மழை நாட்களில் மர்சேலின் அவரைப் பார்த்திருக்கிறாள்.

கல்யாணத்துக்கு முன், பெண் வீட்டுத் தொகுதியின் மேரி வாசலில் ஓலை ஒட்ட வேண்டும். காகிதம்தான், ஆனாலும் ஓலை என்றே சொன்னார்கள். இன்னாரை இன்னார் மணக்கப் போகிறார், ஆட்சேபம் உள்ளவர் சொல்லலாம் என்று எழுதிய அந்த ஓலை, பத்து முழு நாட்கள் பலகையில் இருக்க வேண்டும். பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருப்பதாக மருத்துவச்சி மதாம் எர்மீன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்ன அன்று, மீன்துறை மேரியில் ஓலை ஒட்டினார்கள்.

ஆறாம் நாள் முதல் ஆணை வந்தது.

மாகாணத் தலைவருக்கு அது நான்காவது தேர்தல். மீன்துறையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களும் இந்த முறை தமக்கு வாக்களிக்கப் போவதில்லை என்று அவருக்குச் சேதி வந்திருந்தது. அவர் கோபப்படவில்லை. எல்லைச் சீரமைப்பு ஆணையம் ஒன்றை அமைத்து, அதற்கு முசே கயேத்தான் பிலவேந்திரனைத் தலைவராக்கினார். பிலவேந்திரன் இனிமையானவர். கையுறை அணிந்து கை குலுக்குவார். மீன்துறையின் மணி வயதாகிவிட்டதால் அதற்கு ஓய்வு தேவை என்று அவர் கண்டறிந்தார். அதைக் கம்பளியால் சுற்றினார்கள். பக்கத்திலிருந்த மாதுளைத்தோப்பு மேரிக்கு இரண்டு மடங்கு பெரிய மணி வந்தது. மறுநாள் பதினோரு மணிக்குக் கேட்பு அலுவலர்கள் வீடு வீடாக வந்து நின்று காது கொடுத்தார்கள். மீன்துறையில் பாதி வீடுகள் மாதுளைத்தோப்பாயின. மர்சேலின் வீடும்தான்.

பலகையிலிருந்து ஓலையைக் கிழித்த எழுத்தர், அதை மடித்து மரியாதையாகக் கையில் கொடுத்தார். புதிய மேரியில் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும் என்றார்.

மாதுளைத்தோப்பில் எட்டு நாள் ஆனது. அதற்குள் ஆணையம் தன் தவறை உணர்ந்தது. மீன்துறைக்காரர்களை அளவுக்கு மீறிச் சேர்த்துவிட்டதால், மாதுளைத்தோப்பும் இப்போது தலைவருக்கு எதிராகிவிட்டது. ஆகவே பெரிய மணியை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டச் சொன்னார்கள். உப்பளம் மேரியின் மணியை உயரமான கம்பத்தில் ஏற்றினார்கள். மர்சேலின் வீடு உப்பளம் ஆனது. அந்த மேரி ஏழு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மதாம் எர்மீன் மூன்றாவது தெருவில்தான் இருந்தாள். ஆனாலும் இனி அவள் இந்த வீட்டுப் பிரசவம் பார்த்தால் உரிமம் போய்விடும். அவள் வாசலோடு நின்று, உள்ளே வராமலே, கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உப்பளத்தில் ஓலை மூன்றே நாள்தான் இருந்தது. காற்று திசை மாறியதால் வீடுகள் சரியாகக் கேட்கவில்லை என்றும், மக்களின் காதுகள் கட்சி சார்புடையவை என்று ஐயப்பட இடமிருப்பதால் இனி மக்கள் சார்பில் ஆணையமே கேட்டுக்கொள்ளும் என்றும் மூன்றாம் ஆணை சொன்னது. பதினோரு மணிக்கு உரலில் இடிக்கக் கூடாது. நாய்களைக் கட்டிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் அழும் கைக்குழந்தை தேர்தல் நடைமுறையில் குறுக்கிடுவதாகக் கருதப்படும். தெருவில் பிள்ளைகள் தங்கள் பள்ளிக்கூடம் எது என்று காலையில் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்கும் ஒருவர், மூன்று மருந்தகங்களுக்கு நடந்து, நான்காவதன் வாசலில் விழுந்தார். அவரை எந்தத் தொகுதியில் அடக்குவது என்பதை ஆணையம் இரண்டு நாளில் முடிவு செய்தது. அது விரைவான நடவடிக்கை என்று பத்திரிகைகள் எழுதின.

பிரசவத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. மர்சேலின் தனிஸ்லாஸை அழைத்துக்கொண்டு ஆணைய அலுவலகத்துக்குப் போனாள்.

பிலவேந்திரன் எழுந்து நின்று வரவேற்றார். அவளுக்குத் தம்முடைய நாற்காலியையே நகர்த்திப் போட்டார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மதாம்வசேல், நீங்க இடம் மாறவே இல்லை. எல்லைதான் உங்களைத் தேடி வந்துட்டுப் போகுது. ஒரு குடிமகளுக்கு அரசாங்கம் இதுக்கு மேல என்ன மரியாதை செய்ய முடியும்?"

"ஒரு பத்து நாளைக்கு அந்த மரியாதை இல்லாம இருந்தாப் போதும் முசே."

அவர் சிரித்தார். குழந்தையைத் தேர்தல் முடியும்வரை தள்ளிப்போட வழியுண்டா என்று உண்மையான அக்கறையுடன் தனிஸ்லாஸிடம் விசாரித்தார். தனிஸ்லாஸ் தொப்பியைக் கசக்கினான்.

மேசை மீது மாகாணத்தின் பெரிய வரைபடம் விரிந்திருந்தது. பாய் தைக்கும் பெண்ணுக்குத் துணியில் பிரித்துத் தைத்த இடம் கண்ணில் படாமல் போகாது. ஒவ்வொரு வீட்டைச் சுற்றியும் பென்சில் கோடுகளை அழித்து அழித்துக் காகிதமே பஞ்சாகியிருந்தது. மீன்துறையில் ஒரே ஒரு வீடு மட்டும் வெள்ளையாக, புதிதாக இருந்தது.

"இந்த வீட்டை மட்டும் நீங்க தொடவே இல்லையே?"

பிலவேந்திரனின் முகம் வாடியது. அது அவள் எதிர்வீட்டுத் தச்சர் லசாரின் வீடுதான் என்றார். பிறவியிலேயே காது கேளாதவர், தனியாக இருக்கிறார். சட்டத்தின் ஓரக்குறிப்பில் ஒன்பதாம் வரிப்படி, எந்த மணியும் கேட்காத வீடு முதலில் பதிவான மேரியிலேயே நிலையாக நிற்கும். வீட்டில் ஒரு காது கேட்டாலும் அது செல்லாது.

"வருந்தத்தக்க உறுதி" என்று பெருமூச்சு விட்டார்.

 வீட்டுக்கு வரும் வழியிலேயே, காது கேளாதவர்களாக நடிப்பதுதான் வழி என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. தனிஸ்லாஸ் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே அதன் நோயைச் சொல்பவன். துறைமுகத்தில் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் காதுதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னான்.

"கையை வெச்சுப் பார்த்தாலும் எஞ்சின் அதிர்வு தெரியும், மர்சே. கொஞ்ச நாள்ல பழகிடும்."

செலஸ்தீன்தான் ஒத்துக்கொள்ள மறுத்தாள். தெருவில் ஒரு சேதி அவளைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் அன்று மத்தியாஸ் மழையில் நனைந்தபடி மருந்தகத்திலிருந்து திரும்புவதை ஜன்னலில் பார்த்தாள். உள்ளே வந்து, தனக்கு இடது காது ஏற்கெனவே கொஞ்சம் மந்தம்தான் என்றாள்.

மூவரும் காது கேளாதவர்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். வீடு மீன்துறைக்குத் திரும்பியது. மதாம் எர்மீன் மறுபடி படியேறி உள்ளே வந்தாள். ஓலை நான்காம் முறையாகப் பலகை ஏறியது. அன்று முதல் கேட்பு அலுவலர் ஒனொரே தினமும் வந்து உட்கார்ந்தார். வேலைக்குப் புதியவர், மனிதர் மோசமில்லை. ஆனால் ஒரு போலிக் காதைப் பிடித்தால் பதவி உயர்வு உண்டு.

முதல் நாள் அவர்கள் நடந்துகொண்ட விதத்தை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த லசார், சிலேட்டை எடுத்துக்கொண்டு நேராக வந்தார். செலஸ்தீன் வாயைப் பிளந்து, சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லசார் ஒனொரேயின் முதுகுக்குப் பின்னால் நின்று எழுதிக் காட்டினார்: "எனக்குக் காதுதான் கேட்காது. நான் செத்த மீன் இல்லை." மர்சேலின் சிரிப்பை அடக்கத் தையலில் குனிந்தாள். அதன் பிறகு அவர் தினமும் ஏதாவது ஒரு மரவேலையைச் சாக்காக வைத்து வந்துபோனார். ஆட்களின் முகத்தைப் பார்ப்பது எப்படி, கதவு சாத்தும் அதிர்வைக் காலில் உணர்ந்து திரும்புவது எப்படி என்று செய்து காட்டினார். அவருக்கு அது வேடிக்கையாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஒனொரே தட்டுகளைப் போட்டு உடைத்தார். மர்சேலினின் பின்னால் நின்று விசில் அடித்தார். ஏழாம் நாள், மூக்கை உறிஞ்சியபடி, யாருக்கோ சொல்வது போலச் சொன்னார்.

"இந்த வீட்ல மீன் குழம்புன்னா அது உப்புத் தண்ணிதான் போல."

செலஸ்தீனின் கை அகப்பையோடு நின்றது. இருபது வருடங்களாகப் படகுக்காரர்கள் தேடி வந்து சாப்பிடும் குழம்பு அது. கழுத்து சிவந்து, பிறகு காது வரை சிவந்தது. மர்சேலினின் ஊசி விரலில் இறங்கியது. செலஸ்தீன் அகப்பையைக் கழுவி, துடைத்து, ஆணியில் மாட்டினாள். பிறகு ஒரு கிண்ணத்தில் குழம்பு ஊற்றி, புன்னகையோடு ஒனொரேயிடம் நீட்டினாள். அவர் முழுவதையும் குடித்துவிட்டு, உப்பு சரியாக இருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதினார்.

பத்து நாளும் முடிந்தபோது ஓலை அப்படியே இருந்தது. மேரியில் எழுத்தர் கேள்வியைக் காகிதத்தில் எழுதிக் காட்டினார். மர்சேலின் படித்துவிட்டுச் சம்மதம் என்று சொன்னபோது, தன் குரல் தனக்கே கேட்காதவள் போலக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அது லசார் சொல்லிக் கொடுத்தது. வெளியே வந்ததும் செலஸ்தீன் தனிஸ்லாஸின் தோளைத் தட்டினாள். அவன் திரும்பிய பிறகே வாயசைத்தாள். சத்தமே இல்லாத அந்த "மாப்ளே"யை அவன் முகம் பார்த்துப் புரிந்துகொண்டான்.

நான்கு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. பதிவேட்டில் ரொசலின் தனிஸ்லாஸ் என்று எழுதினார்கள். மர்சேலின் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தகப்பன் பெயர் மை காய்ந்து பளபளத்தது.

ஆனால் பதிவேட்டில் அதற்குக் கீழே ஒரு வரி அச்சாகியிருந்தது. வீட்டார் காது கேளாதவர் என்ற அடிப்படையில் ஓலை ஒட்டப்பட்டது. அது பொய்யென்று தெரிந்தால் ஓலை செல்லாது, திருமணம் செல்லாது, பெயர் செல்லாது. அவர்கள் பத்து நாட்களுக்கு என்று நினைத்துத் தொடங்கியதற்கு முடிவு நாள் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இதற்குள் செலஸ்தீன், யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு, தன் சித்தி மகளிடம் மட்டும் சொல்லியிருந்தாள். ஒரு வாரத்தில் அந்தத் தெருவே கேளாததாகியது. பள்ளிக்கூடம் மாறி மாறிச் சலித்தவர்கள், மருந்துக்கு அலைந்தவர்கள், கல்யாணம் நின்றவர்கள் என்று நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் எழுதிக் கொடுத்தன. மீன்துறை முழுசாக, அசையாமல், பழைய எல்லையில் வந்து நின்றது. மாலையில் மக்கள் சந்தையில் கையாலேயே விலை பேசினார்கள். ஆணையத்தைத் தோற்கடித்துவிட்டோம் என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டார்கள்.

பிலவேந்திரன் கலங்கவில்லை. தேர்தலுக்கு ஐந்து நாள் முன் நான்காம் ஆணை வந்தது. வேட்பாளரின் வாக்குறுதியைக் கேட்க இயலாதவரை வாக்களிக்கச் சொல்வது மனிதத்தன்மை அற்ற செயல் என்பதால், காது கேளாதவர்கள் அந்தச் சுமையிலிருந்து அன்புடன் விடுவிக்கப்படுகிறார்கள்.

தேர்தலன்று மீன்துறையில் பத்தொன்பது பேர் வாக்களித்தார்கள். தலைவர் பன்னிரண்டு தொகுதிகளிலும் வென்றார்.

மறுநாள் லசார் வந்தார். இருபத்திரண்டு வருடங்களாகத் தவறாமல் கொண்டுபோன வாக்காளர் அட்டையைக் கையில் வைத்திருந்தார். அதில் சிவப்பு முத்திரை குத்தியிருந்தார்கள். அதை மர்சேலினின் மடியில் வைத்தார். சிலேட்டைக் கொண்டுவரவில்லை. அவள் கைகளால் மன்னிப்புக் கேட்க முயன்றாள். அதற்கான சைகையை அவர் சொல்லித் தந்திருக்கவில்லை. அவர் போன பிறகு எதிர்வீட்டு ஜன்னலில் பலகை அறையும் சத்தம் கேட்டது. வீட்டில் மூவரும் அதைக் கேட்காதவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு வல்மரீனில் அமைதி நிலவியது. மீன்துறை மணியின் கம்பளி நீக்கப்பட்டது. பன்னிரண்டு மணிகளும் பதினோரு மணிக்கு மட்டுமல்லாமல், எப்போது தோன்றுகிறதோ அப்போதெல்லாம் அடித்தன. எந்த வீட்டிலிருந்தும் புகார் வரவில்லை. இவ்வளவு நிறைவான குடிமக்களைத் தாம் கண்டதில்லை என்று தலைவர் சுதந்திர தின உரையில் சொன்னார். மீன்துறைச் சதுக்கத்தில் அந்த உரைக்கு ஆயிரம் பேர் திரண்டு, அவர் கை உயர்த்தியபோதெல்லாம் கைதட்டினார்கள்.

மூன்று வருடங்கள் போயின. கேளாத வீடுகளில் பிறந்த குழந்தைகளை மூன்று வயதில் சோதிக்க வேண்டும் என்று ஐந்தாம் ஆணை வந்தது. வீட்டில் ஒரு காது கேட்டாலும் அது செல்லாது.

ரொசலினுக்கு எல்லாம் கேட்டது. பூனை கொட்டாவி விட்டால்கூடத் திரும்பிப் பார்ப்பாள். மர்சேலின் பட்டறைக்குப் போவதை நிறுத்தினாள். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, ஒரு விளையாட்டுச் சொல்லிக் கொடுத்தாள். அம்மா மணி அடிப்பாள், கரண்டி போடுவாள், பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். திரும்பாமல் இருந்தால் முந்திரிப்பழம். திரும்பினால், அன்று முழுவதும் அம்மா மடி கிடையாது. முதல் மாதம் குழந்தை மடிக்காக அழுதது. தனிஸ்லாஸ் துறைமுகத்திலேயே நேரத்தைப் போக்கினான். இரண்டாம் மாதம் அழுகை குறைந்தது. செலஸ்தீன், "போதும்டி, புள்ள நம்மளயே வேற மாதிரி பாக்குது" என்றாள். மூன்று வருடப் பழக்கத்தில் அவளுக்கே குரல் சரியாக எழவில்லை.

சோதனை நாளில் ஒனொரே வந்தார். இப்போது அவர் முதுநிலைக் கேட்பு அலுவலர். ரொசலின் தரையில் உட்கார்ந்து, பாய்த்துணித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் அவள் பின்னால் மணி அடித்தார். தட்டு உடைத்தார். அவளுக்குப் பிடித்த தின்பண்டத்தின் பெயரைச் சொன்னார். "உங்க அம்மா போறாங்க பாரு" என்றார்.

குழந்தை அடுத்த துண்டை எடுத்து, மூலைகளைச் சரிபார்த்து, அடுக்கியது.

ஒனொரே குறிப்பேட்டை மூடினார். வாசலில் நின்று மர்சேலினைப் பார்த்தபோது, அவர் கண்களில் எல்லாம் தெரிந்த ஒரு பரிதாபம் இருந்தது. பெயர் நிலைத்துவிட்டது என்று எழுதிய சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுத் தெரு முனையில் மறைந்தார்.

மர்சேலின் கதவைத் தாழிட்டாள். சீட்டை இரண்டு முறை படித்தாள். பிறகு தரையில் குழந்தைக்குப் பின்னால் மண்டியிட்டு, மூன்று வருடங்களாக வாய்விட்டுச் சொல்ல ஆசைப்பட்ட அந்த முழுப்பெயரைச் சொன்னாள்.

"ரொசலின் தனிஸ்லாஸ்."

குழந்தை அடுத்த துண்டை எடுத்தது.

"கண்ணு, அவர் போயிட்டார். விளையாட்டு முடிஞ்சிருச்சு. அம்மாவைப் பாரு."

எங்கோ மாதுளைத்தோப்பின் பெரிய மணி அடிக்கத் தொடங்கியது. உப்பளத்தினது சேர்ந்துகொண்டது. ரொசலின் துணியின் மூலைகளை நிதானமாகச் சரிபார்த்து, மேலே வைத்தாள்.